முதலில் குதிரை, பிறகு நீ

1. மூடிய சாப்பாட்டுப் பெட்டி

நான் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், திறந்த என் சாப்பாட்டுப் பெட்டியை ஒரு கிழவர் தன் சவாரிப் பிரம்பால் மூடினார். உள்ளே புட்டும் முதல் நாள் மீன்குழம்பும் இருந்தன. காலை ஆறு மணி பஸ்ஸில் மொன்றியலின் ரொக்ஸ்பரோவிலிருந்து வெளிக்கிட்டு, பஸ் முடிகிற இடத்திலிருந்து முக்கால் மணித்தியாலம் பனிக்குள் நடந்து வந்தவன் நான். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பத்தும் பறந்து, பதினொன்றாவதாகக் கோபம் வந்து குந்தியது.

"குதிரையள் சாப்பிட்டினமோ?" என்று கேட்டார்.

"இன்னும் இல்லை."

"அப்ப நீ எப்படிச் சாப்பிடுவாய்?"

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஆங்கிலமும் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது. இரண்டு உடைசலையும் ஒட்டவைத்துத்தான் பதினொரு வருடம் கதைத்தோம். அதை எங்கள் தமிழில் எழுதுகிறேன். என் பெயர் அவர்களுடைய வாயில் 'நேதன்' ஆகிவிட்டது. அவர் குதிரைகளை ஒரு நாளும் 'அது' என்று சொன்னதில்லை. ஆகவே ஆட்களுக்குச் சொல்வது போல 'சாப்பிட்டினம்' என்றே எழுத வேண்டியிருக்கிறது.

பெயர் ஒட்டோ வெண்ட்லர். ஜெர்மன்காரர். எழுபதைத் தாண்டிய வயது, பலகையை வைத்துத் தைத்தது போல நேரான முதுகு. அந்த லாயத்தில் பிள்ளைகளுக்குச் சவாரி பழக்குகிற மாஸ்டர். எல்லோரும் 'கப்டன்' என்றார்கள். லாயத்தின் சொந்தக்காரி ஜினெட் என்ற கியூபெக்காரப் பெண். அவளே அவருக்குப் பயம்.

எனக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவன். வேட்டைத் திருவிழாவுக்கு மரக்குதிரை வாகனத்தைத் தோளில் சுமந்திருக்கிறேன், அவ்வளவுதான். அந்தக் குதிரை தின்னாது, உதைக்காது, சாணமும் போடாது. குதிரையின் குணம் தெரிந்துதான் கடவுள் அதற்குக் கொம்பு கொடுக்கவில்லை என்பது எவ்வளவு உண்மை என்று அன்று பின்னேரத்துக்குள்ளேயே தெரிந்துகொண்டேன். ஒரு குதிரை என் தொப்பியைத் தின்றது. இன்னொன்று காலை மிதித்தது.

இப்போது வேர்ஹவுஸிலும் ஒஃபிஸிலும் இருக்கிற பிள்ளைகள் என்னைக் கண்டால், "அங்கிள், நீங்கள் குதிரை மேய்ச்சனீங்களாம்" என்று சிரிக்கிறார்கள். சிரியுங்கள். மேய்த்ததில் ஒரு விஷயம் படித்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. றிப்போர்ட்

கப்டனிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாள் மத்தியானமும் நான் அவர் முன்னால் போய்க் குதிக்காலைச் சேர்த்து நின்று றிப்போர்ட் கொடுக்க வேண்டும்.

"பதினாலு குதிரை. பதினாலு பேரும் தண்ணி குடிச்சிட்டினம். சாப்பிட்டிட்டினம். கால் எல்லாம் பாத்திட்டன். எல்லாரும் சுகம், கப்டன்."

"நன்றி. இப்ப நாங்கள் சாப்பிடலாம்."

அதற்குப் பிறகுதான் அவர் தன் பெட்டியைத் திறப்பார். கறுப்புப் பாண், சொசேஜ், ஒரு ஊறிய வெள்ளரிக்காய். நான் ஒரு மணித்தியாலம் பிந்தினால் அவரும் ஒரு மணித்தியாலம் பட்டினி. ஒரு நாள் பைப்பில் தண்ணீர் உறைந்து, வாளி வாளியாகக் காய்ச்சி ஊற்றி முடிக்க மூன்று மணியாகிவிட்டது. மனிதர் கதிரையில் அப்படியே இருந்தார், பெட்டி மடியில் மூடியபடி.

முதல் மாதம் எனக்கு இது விசர் வேலையாகத்தான் தெரிந்தது. "உந்த மனுசன் என்ன ராசாவோ?" என்று என் அறைக்கு வந்து தனியே கத்துவேன். பிறகு மெல்ல மெல்லப் பழகிவிட்டது. எங்கள் வீட்டிலும் மனைவி சரோ மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் வைக்காமல் தேத்தண்ணி குடிக்க மாட்டாள். அவளிடம் யாரும் றிப்போர்ட் கேட்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

அவருடைய கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். குதிரையைத் தேய்க்கும்போது ஒரு துண்டு, சேணத்துக்கு எண்ணெய் பூசும்போது ஒரு துண்டு. பிறந்தது ஜெர்மனியின் கிழக்குக் கரையில், குதிரை வளர்க்கிற ஒரு பண்ணையில். நடக்கப் பழகின கையோடு குதிரையில் ஏற்றிவிட்டார்களாம். பத்தொன்பது வயதில் குதிரைப்படையில் சேர்ந்தார். இருபத்தாறு வயதில் 'ரிட்மைஸ்டர்'. அப்படியென்றால் குதிரைப்படைக் கப்டன். போர் முடிந்து கைதி முகாம். பிறகு கப்பலேறி மொன்றியல். இங்கே துறைமுகத்தில் இரண்டு வருடம் கோதுமை மூட்டை சுமந்தார். பழைய நகரத்தில் சுற்றுலாக்காரரை ஏற்றுகிற குதிரை வண்டிகளின் லாயத்தைக் கூட்டினார். அங்கே நொண்டிய ஒரு குதிரையை அவர் சுகப்படுத்தியதைக் கண்ட ஜினெட்டின் தகப்பன் கூட்டிக்கொண்டு வந்து இந்த லாயத்தில் விட்டார்.

"திரும்பிப் போகேல்லையோ, கப்டன்?"

"எங்க போறது? ஊர் இருக்கு. ஆனா இப்ப அது வேற நாடு. ஊருக்கு வேற பேர், வீட்டுக்குள்ள வேற சனம். நான் போய் ஆரின்ர கதவைத் தட்டுறது?"

அந்த நேரம் என்னுடைய சரோவும் மகள் அபியும் யாழ்ப்பாணத்தில். என் வீட்டுக்கு நான் போய்க் கதவைத் தட்டினால் திறக்க ஆட்கள் இருந்தார்கள். போகத்தான் வழியில்லை.

3. ஆமிக்காரன்

அவர் கப்டன் என்றதும் கப்பல் கப்டன் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆமி என்று ஜினெட்தான் ஒரு நாள் சொன்னாள். ஆமிக்குப் பயந்து ஓடித்தான் கனடா வந்தவன் நான். ஒரு முகாமில் பதினொரு நாள் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் இடது தோள் இன்றும் நோகும். அப்படிப்பட்டவன் போயும் போயும் ஒரு ஆமிக்காரனுக்குக் குதிக்காலைச் சேர்த்து நின்றிருக்கிறேன்!

நேரே போய்க் கேட்டேன். என் குணம் அப்படி. மனதுக்குள் வைத்துக் குமைய எனக்குத் தெரியாது.

"நீங்கள் ஹிட்லரின்ர ஆமியோ?"

அவர் தன் சொந்தக் குதிரை ஃப்ரீடாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. "ஓம். வேற ஆமி எங்களுக்கு இருக்கேல்லை."

"சனத்தைச் சுட்டனீங்களோ?"

இப்போது கை நின்றது.

"போரில சுட்டனான். சனத்தை நான் சுடேல்லை. ஆனா நாங்கள் போன ரோட்டுகளில ஊருகள் எரிஞ்சது. சனத்தை வீடுகளில இருந்து இறக்கிக்கொண்டு போனதையும் கண்டனான். நான் குதிரையின்ர காலைப் பாத்துக்கொண்டு போனனான், நேதன். நொண்டுறாளோ, லாடம் கழருதோ எண்டு பாத்தனான். தலையை நிமித்தேல்லை. அதுதான் நான் செய்தது."

முகாமில் என்னை அடித்தபோது வாசலில் ஒருவன் நின்றான். அவன் அடிக்கவில்லை. தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அடித்தவர்களின் முகம் எனக்கு மறந்துபோயிற்று, அவனுடைய முகம் மறக்கவில்லை. அதைக் கப்டனுக்குச் சொன்னேன்.

"ஓம்," என்றார். "அவன்தான் நான்."

வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. நிலையான வேலைக் கடிதம் இருந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார். அதுவும் ஒரு காரணம். மற்றக் காரணம், சாக்குப்போக்குச் சொல்லாத ஒரு ஆமிக்காரனை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்க நான் யார்? அந்தச் சனம் அல்லவா மன்னிக்க வேண்டும். மறுநாள் மத்தியானம் போய் றிப்போர்ட் கொடுத்தேன்.

4. பட்டிப் பொங்கல்

இனித்தான் என்னுடைய மகா கெட்டித்தனம்.

அப்போது யாழ்ப்பாணத்துக்குப் போன் இல்லை. கடிதம் வர இரண்டு மாதமும் ஆகும், நான்கு மாதமும் ஆகும். நான் வெளிக்கிடும்போது அபிக்கு இரண்டு வயது. ஆறு வயதில் அவள் தன் கைப்பட எழுதிய முதல் கடிதம் ஒரு மார்கழி மாதம் கிடைத்தது. சாய்ந்து சாய்ந்து விழுகிற எழுத்து.

"அப்பா, நாங்கள் போன பட்டிப் பொங்கலுக்கு மாட்டுக்குப் பொங்கல் குடுத்தனாங்கள். பொட்டும் வைச்சனாங்கள். நீங்கள் உங்கட குதிரைக்குக் குடுத்தனீங்களோ? எங்களை எப்ப கூப்பிடுவியள்?"

கடைசிக் கேள்விக்கு நான் ஒவ்வொரு முறையும் ஒரே மறுமொழிதான் எழுதி வந்தேன்: "அடுத்த பொங்கலுக்கு மகள்." நான்கு பொங்கல் போய்விட்டது. என் குடிவரவுப் பேப்பர் எந்த மேசையில் கிடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் முதல் கேள்விக்கு ஓம் என்று எழுதலாம் அல்லவா? அதையாவது பிள்ளைக்குச் செய்வோம் என்று நினைத்தேன்.

தைப்பொங்கலன்று நான் குடியிருந்த நிலக்கீழ் அறையின் மின்சார அடுப்பில் பொங்கினேன். பச்சரிசி, பயறு, சர்க்கரை, முந்திரிகை வற்றல், கஜு, எல்லாம் தாராளம். பால் பொங்கி அடுப்பில் வழிய, புகை கிளம்பி ஸ்மோக் அலாம் கத்தியது. சங்கு ஊத ஆளில்லாத குறைக்கு அதுவாவது ஊதியதே என்று கைகூப்பினேன்.

அடுத்த நாள் பட்டிப் பொங்கல். வெளியே மைனஸ் இருபத்திரண்டு. பாதிப் பானைப் பொங்கலைத் துவாயில் சுற்றிக்கொண்டு லாயத்துக்குப் போனேன். பதினான்கு பேரில் ஃப்ரீடாவைத் தெரிந்தெடுத்தேன். இருபத்துநான்கு வயது, பல் தேய்ந்த கிழவி. கப்டனின் ஊர்ச் சாதிக் குதிரை. நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டி. என்னை உதைக்காதவளும் அவள் ஒருத்திதான். சுட்டியின் நடுவில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். நல்ல வடிவாக இருந்தது. பொங்கலைச் சட்டியோடு நீட்டினேன். அடிச்சட்டி வரை நக்கி முடித்துவிட்டு, இன்னும் இருக்கோ என்று என் ஜக்கெற் பொக்கற்றை மூக்கால் தள்ளினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே அபி மாட்டுக்குக் கொடுத்திருப்பாள், இங்கே அப்பன் குதிரைக்குக் கொடுக்கிறேன். நாலு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் செய்த ஒரே வேலை அதுதான்.

மாட்டுக்கு நான்கு இரைப்பை, அது எதையும் அரைத்துவிடும். குதிரைக்கு ஒன்றுதான், அதுவும் சின்னது என்று எனக்கு யார் சொன்னார்கள்? வாய் இருக்கிறது, தின்றது, முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

பதினொன்றரைக்குப் போய்ப் பார்த்தால் ஃப்ரீடா முன்காலால் நிலத்தைப் பிறாண்டிக்கொண்டு நின்றாள். கழுத்தைத் திருப்பித் திருப்பித் தன் வயிற்றைப் பார்த்தாள். வைத்த புல்லைத் தொடவில்லை. ஒன்றுமில்லை, குளிராக்கும் என்று எனக்கு நானே சொன்னேன்.

பன்னிரண்டு மணி. கப்டனின் முன் போய் நின்றேன்.

"பதினாலு குதிரை. தண்ணி குடிச்சிட்டினம். சாப்பிட்டிட்டினம். எல்லாரும் சுகம், கப்டன்."

"நன்றி, நேதன்."

அவர் பெட்டியைத் திறந்து பாணை ஒரு கடி கடித்தார். என் சொல்லை நம்பி எடுத்த கடி. இரண்டாவது கடிக்கு வாய் திறக்க முன்னமே ஜினெட் கத்தினாள்: "கப்டன்! ஃப்ரீடா விழுந்து உருளுறாள்!"

5. நடை

கிழவர் அப்படி ஓடியதை நான் கண்டதில்லை. ஃப்ரீடாவின் நெற்றியில் சிவப்பைக் கண்டதும் இரத்தம் என்று நினைத்து மண்டியிட்டார். பெருவிரலால் துடைத்தார். மணந்து பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவள் என்ன சாப்பிட்டவள்?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். வேலை போனால் கடிதம் போகும். கடிதம் போனால் சரோவும் அபியும் அங்கேயேதான். எல்லாம் ஒரு நொடிக்குள் ஓடியது. கீழே ஃப்ரீடா முனகினாள்.

சொன்னேன். அரிசி, பயறு, சர்க்கரை, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எல்லாம்.

"பன்னிரண்டு மணிக்கு உனக்குத் தெரியுமோ, இவளுக்குச் சுகமில்லை எண்டு?"

"தெரியும், கப்டன்."

கையில் இருந்த பாணை மரச்சட்டத்தின் மேல் வைத்தார். ஜினெட் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிப் பிரெஞ்சில் வெடித்தாள். அவர் கையை உயர்த்தி மறித்தார். "அவன் போகமாட்டான். அவன் நடப்பான்."

மிருக வைத்தியர் ஒரு மணித்தியாலத்தில் வந்தார். வயிற்றில் காது வைத்துக் கேட்டார். "ஒரு சத்தமுமில்லை. கொலிக், குதிரைக்கு வாற வயித்துக்குத்து. குதிரையால சத்தியெடுக்கேலாது, தெரியுமோ? போனது பின்னாலதான் வரவேணும்." மூக்கால் குழாய் விட்டு எண்ணெய் ஏற்றினார். "நடத்துங்கோ. உருள விடாதையுங்கோ. ஆறு மணிக்குத் திரும்பி வருவன். அதுக்குள்ள சாணம் போட்டால் தப்பினாள். இல்லாட்டி, இந்த வயதில, ஊசி போட்டு அனுப்புறதுதான் புண்ணியம்."

சவாரி பழக்குகிற பெரிய கொட்டகைக்குள் நடந்தோம். ஒரு பக்கம் நான் கயிற்றைப் பிடிக்க, மறுபக்கம் அவர் கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வந்தார். ஃப்ரீடா முழங்கால் மடியும்போதெல்லாம் அவர் ஜெர்மனில் ஏதோ சொல்வார், அவள் நிமிர்வாள். ஒரு மணி. இரண்டு மணி. அவர் என்னை ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மூன்று மணி போல, முன்னால் பார்த்தபடியே தொடங்கினார்.

"எனக்குப் போரில ஒரு குதிரை. ஆஸ்டர். ஆறு வருசம் அவளின்ர முதுகிலதான் இருந்தனான். ரஷ்யாவுக்குப் போய் அவளோடதான் திரும்பினனான். கடைசி மாசம், கடற்கரைத் துறைமுகம் ஒண்டு. பின்னால எதிரி. முன்னால கப்பல். கப்பலில மனுசருக்குத்தான் இடம். அவையவை தங்கட குதிரையைத் தாங்களே சுட வேணும் எண்டு கட்டளை. அதைப் படைக்கு வாசிச்சவன் நான். என்ர ஆக்கள் அழுது அழுது சுட்டினம்."

"நீங்கள்?"

"நான் சுடேல்லை. கடிவாளத்தைக் கழட்டினன். போ எண்டு தட்டினன். அவள் போகேல்லை. எனக்குப் பின்னால இறங்குதுறை மட்டும் வந்தாள். கப்பல் விட்டது. அவள் அதில நிண்டாள். காதை முன்னுக்கு வைச்சுக்கொண்டு நிண்டாள், நான் கட்டளை ஏதும் சொல்லுவன் எண்டு."

ஒரு சுற்று முடிந்தது. இன்னொன்று.

"அண்டைக்குக் காலமை நான் அவளுக்குத் தண்ணி குடுக்கேல்லை. நேரமில்லை. தாகத்தோட நிண்டவள். கப்பலில கேணல் கேட்டார், எல்லாக் குதிரையும் முடிஞ்சுதோ எண்டு. முடிஞ்சுது எண்டு சொன்னன். அதுதான் நான் குடுத்த பொய் றிப்போர்ட். உண்மையைச் சொல்லியிருந்தா ஆரும் போய் ஏதும் செய்திருப்பினம். சுட்டாவது இருப்பினம். இப்ப எனக்கு ஒண்டும் தெரியாது. நாப்பத்தைஞ்சு வருசம். ஒவ்வொரு முறை சாப்பாட்டில கை வைக்கேக்கையும் வரும், அவள் தண்ணி குடிச்சாளோ எண்டு."

"நல்ல ஆக்கள் ஆரும் பிடிச்சு வளத்திருப்பினம், கப்டன்," என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் முதன்முறையாகக் கோபப்பட்டார். "எல்லாரும் இதைத்தான் சொல்லுறியள்! எனக்கு ஆறுதல் வேண்டாம். தகவல் வேணும். தகவல் இல்லையெண்டா, இல்லையெண்டு சொல்லு!"

ஐந்து மணிக்குக் கொட்டகையின் விளக்குகளை ஜினெட் போட்டாள். கப்டன் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். எனக்குப் பாதத்தில் உணர்வே இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளையார் முதல் அறிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டுவிட்டேன். ஆறுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது ஃப்ரீடா நின்றாள். விழப்போகிறாள் என்று கயிற்றை இறுக்கினேன். வாலைத் தூக்கினாள்.

பொங்கலுக்குச் சாணத்தில் பிள்ளையார் பிடிக்கிற சாதி நாங்கள். ஆனால் ஒரு சாணத்தைக் கண்டு நான் குலுங்கிக் குலுங்கி அழுதது அன்றைக்குத்தான். கப்டன் கையுறையைக் கழற்றிவிட்டு அவளுடைய கழுத்து மயிருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது.

பிறகு நிமிர்ந்தார். "றிப்போர்ட்."

குதிக்காலைச் சேர்த்தேன். "பதினாலு குதிரை. பதின்மூண்டு பேர் சுகம். ஒராள் சுகமில்லாமல் இருந்து தேறுறாள். அவளுக்குச் சுகமில்லாமல் வந்தது என்னால. மத்தியானம் நான் சொன்னது பொய், கப்டன்."

"நன்றி. இப்ப நாங்கள் சாப்பிடலாம். உந்தச் சாமான் மிச்சம் இருக்கோ?"

என் பெட்டியில் மத்தியானத்துக்கென்று கொண்டுவந்த பொங்கல் கட்டியாகிக் கிடந்தது. வைக்கோல் கட்டின் மேல் இருந்து இரண்டு பேரும் கையாலேயே தின்றோம்.

"இதை உங்கட சனம் மிருகத்துக்குக் குடுக்கிறதோ?"

"ஓம், கப்டன். வருசத்தில ஒரு நாள்."

"நல்ல சனம்," என்றார். மென்றுகொண்டே, "மடைச் சனம். ஆனா நல்ல சனம்."

6. ஒரு கடிதம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அபிக்கு எழுதினேன்.

"மகள், குதிரைக்குப் பொங்கல் குடுத்தன். அது பிழை. அவளுக்கு வயிற்றுக்குத்து வந்து சாகக் கிடந்தாள். இப்ப சுகம். உங்களை எப்ப கூப்பிடுவன் எண்டு கேட்டனீங்கள். அடுத்த பொங்கலுக்கு எண்டு நான் எழுதினதெல்லாம் பொய். எனக்குத் தெரியாது. பேப்பர் வரேல்லை. ஒவ்வொரு மாசமும் போய்க் கேக்கிறன். வந்த உடன முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன்."

தபாலில் போட்டுவிட்டு, சின்னப் பிள்ளைக்கு இப்படியா எழுதுவது என்று இரண்டு கிழமை என்னையே திட்டினேன். சரோவும் மறு கடிதத்தில் நன்றாகத் திட்டியிருந்தாள். "இஞ்சை பிள்ளை ஒரு நாள் முழுக்கக் கதைக்கேல்லை" என்று எழுதியிருந்தாள்.

மூன்று வருடம் கழித்துத்தான் வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்தில் அபி தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, என்னைக் கீழும் மேலும் பார்த்துவிட்டு, "குதிரை வரேல்லையோ?" என்றுதான் கேட்டாள். ஃப்ரீடா அதற்கு முந்திய மாரியில் வயதாகித்தான் செத்திருந்தாள். அதையும் உள்ளபடியே சொன்னேன்.

7. கடைசி றிப்போர்ட்

கால் ஏலாமல் போன பிறகு கப்டனைப் புவாண்ட்-கிளேரில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஞாயிறுகளில் போவேன். ஒரு மாரியில் ஜினெட் போன் எடுத்தாள். "நேதன், அவர் ஐந்து நாளா ஒண்டும் சாப்பிடேல்லை. ஒருக்கா வாரும்."

அபியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. என் பிரெஞ்சு 'போன்ஜூர்', 'மேர்சி'யோடு முடிந்துவிடும், அவளுக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. தாதி அவளிடம் சொன்னாள், அவள் எனக்குச் சொன்னாள்: "சாப்பாடு கொண்டுபோனா ஏதோ குதிரையைப் பற்றிக் கேக்கிறாராம். ஓம் ஓம், குதிரை எல்லாம் நல்லா இருக்கு எண்டு இவையும் சொல்லினமாம். உடன முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுறாராம்."

உள்ளே போனேன். அந்தப் பலகை முதுகு தலையணையில் சரிந்து கிடந்தது. சூப் ஆறிப்போய்ப் பக்கத்து மேசையில். கண் மட்டும் அதே கண்.

"நேதன். குதிரையள்?"

பனிச் சப்பாத்தின் குதிக்காலைச் சேர்த்தேன். "லாயத்தில இப்ப ஒன்பது குதிரை, கப்டன். நாலு வித்தாச்சு. ஒன்பது பேரும் தண்ணி குடிச்சிட்டினம், சாப்பிட்டிட்டினம். ஒராளுக்கு முன்கால் நொண்டுது, லாடம் மாத்தவேணும். ஃப்ரீடா செத்திட்டாள், உங்களுக்குத் தெரியும்."

தலையை ஆட்டினார். அத்தோடு முடியவில்லை. பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"ஆஸ்டர்?"

ஐயோ, அந்த ஒரு சொல்லில் எவ்வளவு ஆசை! ஐம்பது வருடத்து ஆசை. குடிச்சிட்டாள் கப்டன், கடற்கரையில நல்லா மேயுறாள் என்று சொல்ல என் வாய் உன்னியது. சாகக் கிடக்கிற மனிதருக்கு ஒரு பொய் சொன்னால் எந்தச் சாமி கோபிக்கப் போகிறது? தாதி வாசலில் நின்று தலையை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள், சொல்லு, சொல்லு என்று.

"ஆஸ்டரைப் பற்றித் தகவல் இல்லை, கப்டன்," என்றேன். "இன்னும் இல்லை."

அவருடைய கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. துடைக்கவில்லை.

"நன்றி," என்றார். "சரியான றிப்போர்ட்."

பிறகு மெல்லக் கையை நீட்டினார். கரண்டியைத்தான் தேடுகிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆறிப்போன சூப்பை, தானே அள்ளிக் குடித்தார். ஐந்து கரண்டி. இடையில் நிறுத்தி, "நீயும் சாப்பிடு" என்றார். அபி தன் பையிலிருந்த பிஸ்கற்றை எடுத்துத் தர, நானும் நின்றபடியே தின்றேன். அதற்குப் பிறகு பதினாறு நாள் இருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அபி ஜன்னல் பக்கம் இருந்தாள்.

"அப்பா."

"என்ன மகள்?"

"எனக்கு எழுதின மாதிரித்தான் அவருக்கும் சொன்னியள்."

"ஓம்."

"மற்றக் கடிதம் எல்லாம் நான் கிழிச்செறிஞ்சிட்டன். அந்த ஒண்டைத்தான் வைச்சிருந்து கொண்டந்தனான். அதுக்குப் பிறகுதான் நீங்கள் உண்மையா இருக்கிறியள் எண்டு நம்பினனான்."

நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ரொக்ஸ்பரோத் தரிப்பையும் தாண்டிவிட்டோம், இறங்க மறந்து.

பிள்ளைகளே, உங்கள் வேலைகளில் இன்று யாரும் குதிக்காலைச் சேர்த்து நிற்கச் சொல்வதில்லை. ஆனால் எங்கேயோ ஒருவர் உங்கள் சொல்லை நம்பித்தான் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார். சுகமென்றால் சுகமென்று சொல்லுங்கள். பிழையென்றால் பிழையென்று சொல்லுங்கள். தெரியாதென்றால் தெரியாதென்று சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நில்லுங்கள்.

லாயத்தை விற்று, இப்போது அந்த இடத்தில் வீடுகள் வந்துவிட்டன. நான் பென்ஷன் எடுத்தும் கனகாலம். ஆனாலும் சோற்றுக் கோப்பையில் கை வைக்க முன் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். "என்னப்பா, உப்பில்லையோ?" என்று சரோ கேட்பாள். உப்பெல்லாம் இருக்கிறது. ஆஸ்டரைப் பற்றித்தான் இன்னும் தகவல் இல்லை.